ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா?

கையால் வரைந்த பழைய புவியியற்பியல் வரைபடங்களை ஸ்கேன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் படம்தாங்க, தரவு இல்லை.

கனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறை 1947 முதல் விமானத்தில் பறந்து காந்தப்புலத்தை அளந்தது. பறந்த கோடுகளுக்கு இடையே பெரும்பாலும் 805 மீட்டர் தூரம். விமானம் போன கோட்டின் மேல் இருப்பதுதான் அளவீடு. நடுவில் சமமதிப்புக் கோட்டை வளைத்து இணைத்தது வரைந்தவரின் ஊகம். அதனால்தான் பிற்பாடு அந்தத் தாள்களை எண்களாக்கியபோது, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை எடுத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான வழி. சமமதிப்புக் கோடு முழுவதையும் அப்படியே பதிவு செய்தால் ஊகமும் அளவீடாகிவிடும்.

ஈர்ப்பு வரைபடங்களில் இன்னொரு வம்பு. 1971-க்கு முன்பு ஈர்ப்பு மதிப்புகளுக்கு ஜெர்மனியின் போட்ஸ்டாம்தான் ஆதாரம். அந்த மதிப்பு சுமார் 14 மில்லிகேல் கூடுதல் என்று பின்னால் தெரிந்தது. தாளின் ஓரக் குறிப்பைப் படிக்காமல் பழைய மதிப்பையும் புதியதையும் ஒட்டினால், பூமியில் இல்லாத பாறை எல்லை கணினியில் முளைக்கும். அதை நம்பி யாராவது துளை போட்டால் காசு போச்சு!

ஆகவே எண்களோடு இரண்டு விவரம் கட்டாயம் வேண்டும்: எது அளந்தது, எந்த ஆதாரத்தில் அளந்தது. அந்தத் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.