கணினியை நீங்களே உருவாக்கப் போறீங்களா? ரேம் வாங்கும் முன் இதைக் கொஞ்சம் கவனிங்க

மேசைக் கணினி ஒன்றைச் சொந்தமாக உருவாக்க நினைத்து, சிம் லிம் ஸ்குவேரில் விலை விசாரித்துவிட்டு வந்தவரா நீங்கள்? ரேம் எனும் நினைவகத்தின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியிருக்கும்.

முன்பெல்லாம் ரேமைத் தவறாக வாங்கினாலும் பெரிய நட்டமில்லை. இப்போது அப்படியில்லை.

ஏன் இந்த விலை?

உலகின் பெரும்பாலான ரேம் சில்லுகளைத் தயாரிப்பவை மூன்று நிறுவனங்கள்: சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்.

செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு எச்பிஎம் எனப்படும் அதிவேக நினைவகம் ஏராளமாகத் தேவைப்படுகிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பியதால், வீட்டுக் கணினிகளுக்கான சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. 2025ஆம் ஆண்டின் பிற்பாதியில் விலை கிடுகிடுவென ஏறியது.

பலருக்கும் பழக்கமான 'குருஷியல்' ரேம் விற்பனையிலிருந்து விலகப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதே நிறுவனம்தான் அந்த ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூரில் சுமார் 7 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் எச்பிஎம் ஆலைக்கான பணிகளைத் தொடங்கியது. சந்தை எங்கே போகிறது என்று புரிகிறதா?

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ?

இதை முடிவு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் மதர்போர்டு. இரண்டு ரேம்களும் ஒரே நீளம். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அழுத்திப் பார்க்காதீங்க, உடைஞ்சிடும்.

ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். பழைய ஏஎம்4-க்கு டிடிஆர்4. இன்டெல்லின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை, மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

இணையத்தில் மலிவாகக் கிடைக்குதே?

கவனம்! மடிக்கணினிக்கான ரேம் நீளம் குறைவானது. மேசைக் கணினியில் பொருந்தாது. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் 'ரெஜிஸ்டர்டு' ரேமும் சாதாரண மதர்போர்டில் வேலை செய்யாது. விலை குறைவாகத் தெரிந்தால், எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

இரண்டா, நான்கா?

32 ஜிபி வேண்டுமா? ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி ரேம்களை வாங்குவது நல்லது. "இப்ப ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று வாங்கினால், இரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நான்கு இடங்களையும் நிரப்பினால் வேகம் குறையலாம். எடுத்துக்காட்டாக, ரைசன் 7000 பிராசசரில் இரண்டு டிடிஆர்5 ரேம்களுக்கு 5200 வேகத்தை ஏஎம்டி உறுதி சொல்கிறது. நான்கு போட்டால் 3600 மட்டுமே.

காசு கொடுக்கும் முன்

மதர்போர்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில், சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். நீங்கள் வாங்கும் ரேமின் முழு மாடல் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேமின் உயரத்தையும் பாருங்கள்; பெரிய கூலர் இடிக்கக்கூடும்.

பொருத்திய பின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க மறக்காதீர்கள். இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. டிடிஆர்5 என்றால், முதல் முறை திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம். பதறாதீங்க, பொறுத்திருங்கள்.

பழைய ரேம் கையில் இருக்கிறதா?

அப்படியென்றால் தலைகீழாக யோசிக்கலாம். மதர்போர்டுக்கு ரேம் தேடாமல், உங்களிடம் உள்ள டிடிஆர்4-க்கு ஏற்ற மதர்போர்டைத் தேடுங்கள். அன்றாட வேலைக்கும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கும் அது இன்னும் போதும். இன்றைய விலையில், ஏற்கெனவே கையில் இருக்கும் ரேம்தான் ஆக மலிவான ரேம்.