தராசு சொல்லும் உண்மை

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள் சிலர். நுவரெலியாவிலும் அட்டனிலும் பரீட்சை முடிவு வரும்போதெல்லாம் இந்தப் பல்லவியைக் கேட்கிறோம். ஏறாததற்குக் காரணம் யாது? பிள்ளையின் மூளையா? பெற்றோரின் குலமா? இரண்டுமல்ல. பிள்ளை பிறந்த அன்று நிறுத்த தராசைக் கேளுங்கள், சொல்லும்!

2.5 கிலோவுக்குக் குறைந்து பிறப்பதே எடை குறைந்த பிறப்பு. இலங்கையில் அது மிகுந்திருப்பது தோட்டப்புறத்தில். பிறந்த பின்னும் வாட்டம் தீர்வதில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களிலோ ஏறத்தாழ 32 பேர்!

நோர்வே நாட்டில் இரட்டையரை ஆராய்ந்து 2007இல் முடிவு வெளியிட்டனர். ஒரே தாய், ஒரே வீடு. ஆயினும் எடை மிகுந்து பிறந்தவரே பள்ளிப் படிப்பை முடிப்பதிலும் பின்னாளில் பொருள் ஈட்டுவதிலும் சராசரியில் முந்தினர். குலம் எங்கே போயிற்று? கருவிலே கிடைத்த ஊட்டமன்றோ பேசுகிறது!

அந்த ஊட்டத்தை மறுப்பவர் யார்? வயிற்றில் பிள்ளையும் முதுகில் கூடையுமாகச் செங்குத்தான மலையில் ஏறுகிறாள் தாய். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் அடுப்பில் அரைப்பானை. இரத்தசோகையோடு பிள்ளை பெறுகிறவளுக்குச் சட்டம் தரும் 84 நாள் விடுப்பில், பேற்றுக்கு முன்னதாக வருவது இரண்டே வாரம்! கருவிலுள்ள பிள்ளை எடை கூடும் கடைசி மாதங்களில் அவள் கொழுந்துக்கே எடை கூட்டுகிறாள்.

"தாய்மாருக்கு அறிவு போதாது, அறிவுரை சொல்லுவோம்" என்கிறார்கள். அறிவுரையை உலையிலிட்டு உண்ண முடியுமா? நாற்றங்காலுக்கு நீரை மறுத்துவிட்டு, கதிர் சிறுத்ததென்று நாற்றைப் பழிக்கும் உழவன் உண்டா?

எடை குறைந்து பிறந்தது விதியன்று. தாய்ப்பாலும் சத்துணவும் நல்ல ஆசிரியரும் வாய்த்தால் அப்பிள்ளையும் முன்னேறும். ஆகவே கேட்கிறோம்: கருவுற்ற தாய்க்கு முழுச் சம்பளத்துடன் இலகுவான வேலை கொடுங்கள். பேற்றுக்கு முந்திய விடுப்பை நீட்டுங்கள். 1973 முதல் நாடறிந்த திரிபோஷா, கடைசி லயத்தையும் தட்டாமல் சென்றடையட்டும். பிள்ளைக்காம்பரா வெறும் காவற்கூடமாக இராமல், ஊட்டமும் கல்வியும் தரும் இடமாகட்டும்.

மருத்துவர்களே, ஆசிரியர்களே, உழவர் பெருமக்களே! இது சலுகைக்கான மன்றாட்டன்று. தேயிலையைக் கிராம் பிசகாமல் நிறுக்கத் தெரிந்த நாடு, அதைப் பறிப்பவள் பெற்ற பிள்ளையின் எடைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்!