பழுது பார்ப்போர் தலைவன்

போரில் வென்ற வீரனைப் பாடுவோர் பலர். அவன் ஊர்ந்த தேரின் கடையாணியைச் சரிபார்த்துக் கொடுத்தவனை நினைப்போர் மிகச் சிலர். இக்காலத்தில் தேருக்கு ஈடாக வானூர்தி வந்துள்ளது. கடையாணிக்கு ஈடாக நுண்ணிய மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. அவற்றைப் பழுது பார்க்கும் தொழில்வல்லார் குழுவுக்குத் தலைமை தாங்குபவனிடம் இருக்கவேண்டிய முதற்பண்பு யாது? ஆணையிடும் மிடுக்கு என்பாரும் உளர். நுட்ப அறிவு என்பாரும் உளர். தன்கீழ்ப் பணிபுரிவோர் அஞ்சாது உண்மை கூறுமாறு நடந்துகொள்ளும் பண்பே அது என்பது என் துணிபு.

வேலூர் வட்டாரம் என்றவுடன் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலே நம் நினைவுக்கு வரும். 2019ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்பெறும் முன்னர், இவ்வூர்களைக் கொண்டிருந்த வேலூர் மாவட்டத்திலேயே அரக்கோணமும் இருந்தது. இன்று அது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே நம் கடற்படையின் வானூர்தித் தளமாகிய ‘ஐ.என்.எஸ். இராஜாளி’ 1992ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சோவியத்து நாட்டில் உருவான டுபோலெவ்-142 வானூர்திகள் அங்கிருந்து நெடுங்காலம் கடற்காவல் புரிந்து 2017ஆம் ஆண்டு ஓய்வு பெற்றன. 2013ஆம் ஆண்டு முதல் வந்த போயிங் பி-8ஐ வானூர்திகள் அப்பணியை ஏற்றன.

இவ்வானூர்திகளின் ஆற்றல் படைக்கலங்களில் மட்டும் இல்லை. கண்ணிலும் செவியிலும் இருக்கிறது. ராடார் என்னும் கருவி தொலைவில் உள்ள கப்பலைக் காட்டும். வானிலிருந்து கடலில் இடப்படும் மிதவைகள் நீரடி ஒலியைக் கேட்டு, வானொலி வழியே மேலே அனுப்பும். காந்தப் புலத்தில் தோன்றும் சிறு மாறுதலைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலை உணரும் கருவியும் உண்டு. 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காணாமற்போன மலேசியப் பயணிகள் வானூர்தியைத் தேடும் பணியிலும் பி-8ஐ ஈடுபட்டது. கருவி பழுதுபட்டால், எத்துணை வீரம் இருப்பினும் அவ்வானூர்தி குருடும் செவிடுமாகவே பறக்கும்.

தோல் தொழிலில் வரும் பிழையைக் கண்ணாற் காணலாம். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தால் அதன் மேற்புறம் கெடும்; அனுபவம் மிக்க மேஸ்திரி கையால் தடவியே அதனைக் கண்டுகொள்வார். மின்னணுக் கருவியின் பழுதோ அத்தகையதன்று. தரையில் செவ்வனே இயங்கிய கருவி, மேலே குளிராலும் அதிர்வாலும் தடுமாறும். தரைக்கு வந்ததும் மீண்டும் நன்றாக இயங்கும். கடலின்மேல் பறக்கையில் படியும் உப்பீரம் கம்பி இணைப்புகளைச் சிறிது சிறிதாக அரிக்கும். நம் உடலில் தேங்கிய சிறு மின்னேற்றமே நுண்ணிய உறுப்பைக் கெடுத்துவிடும். ஆதலால் அதனைத் தொடுவோர் நிலத்தோடு இணைந்த பட்டையை மணிக்கட்டில் அணிந்துகொள்வர்.

பழுதின் காரணம் புலப்படாதபோது, பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பதிவேட்டை மூடிவிடுதல் எளிது. ஆயின் குற்றம் பெட்டியில் இல்லாமல் இணைப்பில் இருந்தால் என் செய்வது? அடுத்த பறப்பில் அதே பழுது மீண்டும் தலைகாட்டும். ஆகவே, விமானி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக் காரணத்தைத் தேடுமாறு தன் குழுவினரைப் பழக்குதல் தலைவன் கடன்.

வேலை முடிந்ததும் கருவிகள் எண்ணப்படும். ஒரு சிறு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும் வரை வானூர்தி புறப்படலாகாது. செய்தவர் கையொப்பம் இடுவார். மற்றொருவர் சோதித்துத் தாமும் கையொப்பம் இடுவார். இவ்விதிகள் சாலச் சிறந்தவை. ஆயினும், மாலையில் வீடு திரும்பிய இளைஞன் ஒருவன், தான் ஓர் இணைப்பை முற்றும் முடுக்கவில்லையோ என்று இரவில் ஐயுறுகிறான் என்று கொள்வோம். அவ்வையத்தை அறிவது அவன் நெஞ்சம் ஒன்றே. தலைவன் சீறி விழுபவனாயின் அவன் வாய் திறவான். விடியலில் அவ்வானூர்தி பலரைச் சுமந்து கடல்மேற் செல்லும். தலைவன் கனிந்து கேட்பவனாயின், அவன் அவ்விரவே ஓடிவந்து உரைப்பான்.

“படையில் இத்தகைய கனிவு காட்டினால் ஒழுங்கு குலையாதோ?” என்று சிலர் வினவலாம். பிழை வேறு, அதனை மறைத்தல் வேறு. பிழையைத் தானே வந்து கூறியவனைத் திருத்துக, மறைத்தவனை ஒறுத்திடுக. இவ்வேறுபாட்டை அறிந்து நடப்பின் ஒழுங்கு வலுப்பெறுமேயன்றிக் குலையாது. தலைவனுக்கும் இவ்விதி பொருந்தும். “வானூர்தி எப்போது புறப்படும்?” என்று மேலதிகாரி விரைவுபடுத்தும்போது, “இன்னும் சோதனை முடியவில்லை” என்று பணிவோடும் உறுதியோடும் கூறும் துணிவு அவனுக்கு வேண்டும். மேலே உண்மை சொல்ல அஞ்சுபவன், கீழே உள்ளாரிடம் உண்மையை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

மாணவர்களே! உங்களுள் சிலர் தொழிற்பயிற்சி பெற்றுப் படைத்துறையிற் சேரலாம். சிலர் தோல் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ பத்துப் பேருக்குத் தலைமை தாங்கலாம். எங்கு இருப்பினும், நீங்கள் பாராத வேலைக்குக் கையொப்பம் இடாதீர்கள். உங்களினும் இளையவன் வந்து ‘ஐயா, இதில் ஓர் ஐயம்’ என்று சொல்லும்போது, கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு அவன் சொல்லுக்குச் செவிகொடுங்கள். முன்பின் அறியாத பலருடைய உயிர் அவ்வொரு சொல்லால் காக்கப்படுதல் கூடும்.