வலிப்பு, வளையம், ஒரு சி.டி. ஸ்கேன்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது சிறுமலைத் தோட்டங்களிலும் உண்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்திலும் உண்டு. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பார்ப்பவருக்கு இரும்பு நிறுத்தியது மாதிரி இருக்கும். இதே வகை ஏமாற்றத்தில் நம் நாட்டின் மருத்துவர்களே சில காலம் இருந்திருக்கிறார்கள்.

1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில் நம் பெரிய மருத்துவமனைகளுக்கும் வந்தது. வலிப்பு வந்தவர்களின் தலையைப் படம் எடுத்தால், பலருக்கு மூளையில் சின்னதாக ஒரு வெள்ளை வளையம், சுற்றிலும் வீக்கம். நம் ஊரில் காசநோய் அதிகம் அல்லவா? காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தால் வளையம் காணோம்! மாத்திரை வேலை செய்துவிட்டது என்றார்கள். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் வளையம் மறைந்தது.

முடிச்சை அவிழ்த்ததில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் சில நோயாளிகளின் வளையத்தை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல, பன்றி நாடாப்புழுவின் இளம்புழு. 1989-ல் லான்செட் இதழில் அது வெளியானது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குப் போவது வேறு வழி. அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கையாலோ தண்ணீராலோ பச்சைக் காய்கறியாலோ இன்னொருவர் வாய்க்குள் போகவேண்டும். ஆகவே "நாங்க சுத்த சைவம்" என்பது இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூளையில் கொப்புளமாகத் தங்கும் புழு உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தம் காட்டாது, ஆண்டுக்கணக்கில்கூட. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் சண்டைக்குப் போகிறது, வலிப்பு வருகிறது.

ஸ்கேன் இந்த மூன்று கட்டத்தையும் காட்டும். உயிருள்ள புழு தெளிந்த நீர்க்குமிழி, உள்ளே புள்ளியாகத் தலை (இது எம்.ஆர்.ஐ.யில் நன்றாகத் தெரியும்). சாகும் புழு வளையம். செத்து சுண்ணாம்பானது வெள்ளைப் புள்ளி, இதற்கு சி.டி.தான் கெட்டிக்காரன்.

ஆனாலும் படத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் வேலூர் பாடம். அவர்கள் வகுத்த விதிகளில் பாதி படத்தைப் பற்றியது: ஒரே வளையம், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மூளையை ஒரு பக்கம் தள்ளும் அளவுக்கு வீக்கம் கூடாது. மீதிப் பாதி ஆளைப் பற்றியது: விடாத தலைவலியும் வாந்தியுமாக மூளை அழுத்தம் ஏறியிருக்கக்கூடாது, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக்கூடாது, உடம்பில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இருக்கக்கூடாது. எல்லாம் பொருந்தினால் தலையைத் திறக்க வேண்டாம், சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் போதும். ஆளைப் பார்க்காமல் ஃபிலிமை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மருந்து எழுதுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

அதே நேரம், ஸ்கேனே இல்லாமல் "காக்கா வலிப்பு" என்று முத்திரை குத்தி ஆயுளுக்கும் மாத்திரை எழுதுவது அதைவிட மோசம் என்பது என் கருத்து. வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. வளையம் சுவடில்லாமல் மறைந்தவர்களில் பலர், மருத்துவர் சொல்படி, வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம். சுண்ணாம்புப் புள்ளி மிஞ்சினால் வலிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம், அவர்கள் தொடரவேண்டும். யார் எந்தப் பக்கம் என்று படம் இல்லாமல் எப்படித் தெரியும்? ஒரு பெண்ணுக்கு இது வெறும் மாத்திரைக் கணக்கு அல்ல. இந்து திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற தடையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். நம் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் எடுக்கவில்லை.

செலவு, கதிர்வீச்சு என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு முதல் வலிப்பின்போது ஒரு சி.டி. எடுப்பதை அதற்காகத் தள்ளிப்போட முடியாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் திண்டுக்கல்; அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பூச்சி மாத்திரைதானே என்று கடையில் நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். கொப்புளம் நிறைய இருந்தால் ஒரே நேரத்தில் புழுக்கள் செத்து மூளை வீங்கிவிடும்.

ஸ்கேன் காட்டாத ஒன்றும் இருக்கிறது. முட்டை எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும் இல்லையா? பல நேரம் அந்த நாடாப்புழுவைக் குடலில் வைத்திருப்பவர் அதே வீட்டில், அதே சமையலறையில் இருப்பார், அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அவருடைய மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லி எத்தனை பேர் எழுதித் தருகிறார்கள்?