பாலைச் சோதிக்கிறோம், புரதத்தை?

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஆய்வகத்துக்கு வாங்கும் மனிதப் புரதம் ஒன்று, 10 மைக்ரோகிராம் குப்பி, 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜ விலை புரதத்துக்குப் புரதம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இது கணக்குக்காகச் சொல்லும் எண்.) ஒரு கிராமுக்கு இப்படி ஒரு லட்சம் குப்பி வேண்டும். ஆக, கிராம் விலை 200 கோடி ரூபாய்! தங்கம் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும் :)

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குப்பியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அடியில் ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தால் உண்டு. லேபிளில் புரதத்தின் பெயர், லாட் எண், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற எச்சரிக்கை. அவ்வளவுதான். நாமும் அதை நம்பி, கரைத்து, செல்களின் மேல் ஊற்றி, வரும் முடிவை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிவிடுகிறோம்.

இது சரியா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாக்டீரியா செய்யும் மனிதப் புரதம்

உயிரியல் படிக்காத நண்பர்களுக்காகச் சுருக்கமாக. பிளஸ் டூ புத்தகத்தில் 'மறுசேர்க்கை டி.என்.ஏ' என்று படித்திருப்பீர்கள். மனித ஜீன் ஒன்றை எடுத்து, பிளாஸ்மிட் என்ற வட்டமான டி.என்.ஏ.வில் செருகி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பினால், அது தன் வேலையோடு சேர்த்து நம் புரதத்தையும் தயாரித்துக் கொடுக்கும். பிறகு பாக்டீரியாவை உடைத்து, நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். ஈஸ்ட்டிலும், பாலூட்டிகளின் செல்களிலும் கூட இதைச் செய்கிறார்கள். இதுதான் ரீகாம்பினன்ட் புரதம்.

இது வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது? இன்சுலினை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித வளர்ச்சி ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலருக்குப் பல வருடம் கழித்து க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற கொடிய மூளை நோய் வந்தது. 1985-ல் அமெரிக்காவில் அந்த ஹார்மோனை நிறுத்தினார்கள். அதே வருடம் பாக்டீரியாவில் தயாரித்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மனித இன்சுலினை 1978-லேயே பாக்டீரியாவில் தயாரித்துக் காட்டிவிட்டார்கள். 1982-ல் அது மருந்தாகவே வந்துவிட்டது.

மருந்தாக வரும் புரதத்துக்கு ஆயிரத்தெட்டு சோதனை உண்டு. ஆராய்ச்சிக்கென்று வரும் குப்பிக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. லேபிளில் உள்ள எச்சரிக்கையின் அர்த்தமும் அதுதான். சரிபார்க்கும் பொறுப்பில் பெரும்பங்கு வாங்குபவர் தலையில்.

ஒரு புரதம், இரண்டு குப்பி

நான் ஏதோ பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். நிஜமாக நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஹெச்.எஸ்.பி.70 என்ற மனிதப் புரதம் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியில் ஹீரோவாக இருந்தது. செல் சூட்டில் தவிக்கும்போது அதிகமாகச் சுரக்கும் புரதம் இது. இதை மேக்ரோஃபேஜ் செல்கள் மேல் ஊற்றினால் அவை டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை வெளியிடுகின்றன என்று பல ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 'நம் உடம்பே நமக்கு அடிக்கும் அபாய மணி' என்கிற மாதிரி பெரிய பெரிய விளக்கங்கள் எல்லாம் கிளம்பின.

2003-ல் காவோ, சான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். அதே ரீகாம்பினன்ட் மனிதப் புரதத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மிக நன்றாகச் சுத்திகரித்தது. இன்னொன்று அந்த அளவுக்குச் சுத்தம் இல்லாதது. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. ஆனால் செல்கள் மேல் ஊற்றினால் சுத்தம் குறைந்தது மட்டும்தான் டி.என்.எஃப்.பைக் கிளப்பியது. நன்றாகச் சுத்திகரித்தது சும்மா இருந்தது.

காரணம் எண்டோடாக்சின். ஈ.கோலையின் வெளிச்சுவரில் இருக்கும் பொருள் அது. பாக்டீரியாவை உடைக்கும்போது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நம் நோயெதிர்ப்பு செல்கள் துளியூண்டு எண்டோடாக்சினுக்கே துள்ளிக் குதிக்கும். மணி அடித்தது புரதம் அல்ல, கூடவே வந்த அழுக்கு!

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. "கொதிக்க வைத்துப் பாருங்கள். புரதம் கெட்டுவிடும், எண்டோடாக்சின் கெடாது. வேலை செய்வது நின்றுவிட்டால் அது புரதத்தின் வேலைதான்" என்பது பலரும் நம்பிய சோதனை. எண்டோடாக்சின் மிகக் குறைந்த அளவில் இருந்தால் கொதியில் அதன் வீரியமும் குறைகிறது என்று அதே ஆட்கள் காட்டினார்கள். ஆக, கொதிக்க வைக்கும் சோதனையே கூட ஏமாற்றிவிடும்.

எத்தனை மாணவர்களின் எத்தனை வருட உழைப்பு, எவ்வளவு அரசுப் பணம் அந்த அழுக்கின் பின்னால் போயிருக்கும்? நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் ஊர்ப் பால்

எங்கள் மாதவரத்தைப் பால்பண்ணை என்று சொன்னால்தான் பல பேருக்குத் தெரியும். ஆவின் பால்பண்ணை இங்கே இருக்கிறது. பால் எப்படி வாங்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கிராமத்துக் கூட்டுறவு சங்கத்தில் ஒரு பாட்டி இரண்டு லிட்டர் கொண்டுவந்து ஊற்றினாலும், லாக்டோமீட்டர் போடுவார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. பாட்டி மேல் சந்தேகம் என்பதால் அல்ல. எல்லாப் பாலும் ஒரே டேங்கில் கலக்கப் போகிறது என்பதால்.

லிட்டருக்குச் சில பத்து ரூபாய் விலையுள்ள பாலுக்கு இந்தச் சோதனை. கிராம் 200 கோடி கணக்கில் வாங்கும் புரதத்துக்கு? கம்பெனி அனுப்பிய சான்றிதழை ஃபைலில் குத்தி வைப்பதோடு சரி. அந்தச் சான்றிதழ் குப்பி கிளம்பிய நாளின் நிலவரம். விமானத்தில் வந்து, சுங்கத்தில் காத்திருந்து, ஐஸ் உருகி, நம் ஃப்ரீசரில் கரண்ட் போய் வந்து, நாலு முறை உறைந்து உருகிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லாது.

நாமே செய்தால் என்ன?

சோதிப்பது முதல் படி. செய்யக் கற்றுக்கொள்வது அடுத்த படி.

பக்கத்து மணலியில் 1969-லிருந்து கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. டன் கணக்கில் சரக்கு செய்யும் ஏரியா இது. மைக்ரோகிராம் கணக்கில் வேண்டும் பொருளுக்கு மட்டும் வெளிநாட்டு விமானத்தை எதிர்பார்க்கிறோம்.

இப்படி எதிர்பார்ப்பதில் உள்ள ஆபத்து 2024 ஜூலையில் தெரிந்தது. அந்த வருட பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏறியது. 20,000 ரூபாய் சரக்குக்கு 30,000 ரூபாய் வரி! விஞ்ஞானிகள் சத்தம் போட்ட பிறகு ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆராய்ச்சி உபயோகத்துக்குப் பழையபடி 10 சதவீதம் ஆக்கினார்கள். நல்லவேளை. ஆனால் ஒரு அறிவிப்பில் நாட்டின் ஆய்வகங்கள் எல்லாம் திகைத்து நிற்க முடியும் என்பது புரிந்துவிட்டது.

நம்மால் முடியாது என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஈஸ்ட்டில் தயாரித்து வெளியிட்டது. (அது வைரஸின் புரதம், மனிதப் புரதம் அல்ல. தொழில்நுட்பம் ஒன்றுதான்.) அதுவரை இறக்குமதி விலைக்குப் பயந்து ஊசி போடாமல் இருந்த குடும்பங்களுக்கு அது எட்டும் விலைக்கு வந்தது. 2004-ல் பெங்களூரு பயோகான் மனித இன்சுலினையே ஈஸ்ட்டில் செய்து விற்றது. மருந்தே செய்கிற நாட்டில் ஆய்வகப் புரதம் செய்ய முடியாதா?

மாதவரம் பால்பண்ணையில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1989-லிருந்து. கால்நடைத் தடுப்பூசி, நோயறியும் கிட் போன்றவற்றை ஆய்வகத்திலிருந்து உபயோகத்துக்குக் கொண்டுவர, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து ஒரு மையமும் அதே வளாகத்தில் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையம். ஆட்கள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது. இல்லாதது எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான ஒரு 'புரதச் சங்கம்'.

நான் கேட்பது இதுதான். அதிகம் தேவைப்படும், ஈ.கோலையிலேயே செய்யக்கூடிய பத்துப் பதினைந்து பழைய புரதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் தூய்மை, செயல்திறன், எண்டோடாக்சின் மூன்றும் பார்த்து எண்ணோடு கொடுங்கள். மாதவரத்திலிருந்து கிண்டிக்கு ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு ஆள் பஸ்ஸில் எடுத்துப் போய்விடலாம். பிளாஸ்மிட்டுகளை இப்படிப் பொதுவில் வைத்துப் பகிரும் ஆட்ஜீன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அமெரிக்காவில் 2004-லிருந்து நடக்கிறது. இது அதற்கு அடுத்த வீடு மாதிரி.

"ஆனால்..." என்பவர்களுக்கு

"கம்பெனி தரம் வருமா?" எல்லாவற்றுக்கும் வராது. சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்க வேண்டிய புரதங்களை ஈ.கோலை சரியாகச் செய்யாது. அவற்றுக்குப் பாலூட்டி செல்கள் வேண்டும், செலவும் அதிகம். அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். நான் கம்பெனிகளுக்கு எதிரி அல்ல.

"மாணவர்களுக்கு நேரம் ஏது?" இறுதியாண்டு புராஜெக்ட் என்ற பெயரில் ஏற்கனவே பத்து பேர் செய்ததைப் பதினோராவதாகச் செய்வதற்கு நேரம் இருக்கிறதே! ஒரு லாட் புரதம் செய்து, சோதித்து, அடுத்த கல்லூரி உபயோகிக்கும்படி கொடுப்பதே ஒரு நல்ல புராஜெக்ட்தான்.

"அனுமதி?" வேண்டும். 1989 விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக அலைவதைவிட ஒரே இடத்தில் இதை ஒழுங்காகச் செய்வது சுலபம்.

சங்கம் வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம், நண்பர்களே. புதுக் குப்பி வந்ததும் லாட் எண்ணையும் வந்து சேர்ந்த நிலையையும் நோட்டில் எழுதுங்கள். கரைத்ததும் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஈ.கோலையில் செய்த புரதத்தை நோயெதிர்ப்பு செல்களில் போடுவதாக இருந்தால், எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின் பி சேர்த்த ஒரு குழியையும், எண்டோடாக்சின் மட்டும் போட்ட ஒரு குழியையும் கூடவே வையுங்கள். முடிந்தால் எல்.ஏ.எல். சோதனை செய்து அளவையும் எழுதுங்கள். வைவாவில் "இது புரதத்தின் வேலைதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், சான்றிதழைக் காட்டாமல் இந்தக் குழிகளைக் காட்டலாம்.