சிகரமும் சுமையும்
சாகச நிறைவு பற்றிய ஒரு விமர்சனம்

மனிதன் தன்னைத்தான் உணர்ந்துகொள்ளும் இடம் தொழிற்கூடமுமன்று, குடும்பமுமன்று, ஊர்ப்பொதுவுமன்று. உயிராபத்து நிறைந்த மலைமுகடும் பெருங்கடலும் ஆகாயவெளியுமே அவ்விடமாகும் என்றொரு கோட்பாடு செல்வம் மிகுந்த நாடுகளிலே தோன்றி இன்று உலகெங்கும் பரவிவருகின்றது. பாறையேறல், பனிச்சறுக்கல், ஆற்றுப்பாய்ச்சலிற் படகோட்டல், பாரசூட்டிற் குதித்தல் முதலான சாகச விளையாட்டுக்கள் இக்கோட்பாட்டின் பெயரால் விற்பனையாகின்றன. அன்றாட வாழ்வு வெறுமையானது; அதனை விட்டு வெளியேறுபவனுக்கே மனநிறைவு கிட்டும் என்பது அதன் சாரம்.

சாகசத்தால் மனநிறைவு கிட்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்நிறைவு தனியொருவன் தன்னளவிலே தேடிப்பெறும் சொத்து என்பதும், அதற்காக வேறொருவன் செலுத்தும் விலை கணக்கிலெடுக்கப்பட வேண்டியதில்லை என்பதும் ஏற்கத்தக்கன அல்ல. சுமையைப் பிறனது தோளிலும் ஆபத்தைப் பிறனது உயிரிலும் ஏற்றிவிட்டுப் பெறப்படும் நிறைவு, சாகசத்தின் பெயரைத் தாங்கிய நுகர்வேயன்றி வேறன்று. இதனை நிறுவுவதற்கு எவரெஸ்ட் சிகரத்தின் வரலாற்றைவிடத் தக்க சான்று பிறிதில்லை.

முதலிற் சாகசத்தை முற்றாக நிராகரிப்போரின் வாதத்தை நோக்குதல் தகும். ஆழ்கடலில் வலைவீசுபவனும் சுரங்கத்தில் இறங்குபவனும் நாள்தோறும் ஆபத்துடன் வாழ்கையில், ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் வாதம். இதில் நியாயம் உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று. நவீன உற்பத்திமுறை உழைப்பைத் துண்டுதுண்டாக்கியுள்ளது. கந்தோரிலே கோவைகளை நகர்த்துபவன் தன் செயலின் முடிவைக் காண்பதில்லை. தொழிற்சாலையில் ஒரே திருகாணியை முடுக்குபவன் தான் ஆக்கிய பொருளைத் தனதென்று உணர்வதில்லை. பாறையொன்றில் ஏறுபவனுக்கோ கண்ணும் கையும் மதியும் ஒரே செயலில் ஒன்றிணைகின்றன. பிடி சரியானதா என்பதை அடுத்த கணமே பாறை சொல்லிவிடுகின்றது. இழந்த முழுமையை மனிதன் இவ்வாறு தேடுவானாயின், அத்தேட்டத்தை இகழ்வது முறையாகாது.

இத்தேட்டம் தமிழருக்குப் புறம்பானதுமன்று. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டிற் பாக்குநீரிணையை இருவழியும் 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தார். 1984 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றவேளை உயிர்நீத்தார். அவரது முயற்சியை எவ்வாறு மதிப்பிடினும் ஓர் உண்மையை எவரும் மறுக்கவியலாது. நீந்திய கை அவருடையது. பணயம் வைக்கப்பட்ட உயிரும் அவருடையதே. சாகசத்துக்குரிய முதல் நிபந்தனை இதுவாகும். திறனும் தீர்மானமும் ஆபத்தும் ஒரே ஆளிடத்திற் பொருந்தியிருத்தல் வேண்டும். இந்நிபந்தனை எவரெஸ்டில் எவ்வாறு சிதைந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1922 ஆம் ஆண்டில் எவரெஸ்டின் வடபுறத்தே சென்ற பிரித்தானியக் குழு, இரு முயற்சிகள் தோற்றபின், புதுப்பனி பெய்திருந்த சரிவிலே மூன்றாவது முயற்சியைத் தொடங்கியது. சரிந்த பனிப்பாளம் சுமைதூக்கிகள் எழுவரைப் பலிகொண்டது. பிரித்தானியர் ஒருவரும் இறக்கவில்லை. ஏறுவதென்று தீர்மானித்தோர் ஒருசாரார், இறந்தோர் மறுசாரார். எவரெஸ்டின் பிற்கால வரலாறு முழுவதும் இந்நிகழ்ச்சியில் வித்தாக அடங்கியுள்ளது எனலாம்.

அக்குழுவில் இருந்தவருள் ஒருவர் ஹவார்ட் சமர்வெல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். தம்மவருள் ஒருவரேனும் அவர்களுடன் இறந்திருந்தால், இழப்பாயினும் சமமாகப் பகிரப்பட்டதென்று ஷேர்பாக்கள் உணர்ந்திருப்பரே என அவர் பின்னர் வருந்தி எழுதினார். அப்பயணத்தின் பின் இந்தியாவின் தென்கோடிவரை சென்ற அவர், அக்காலத்தில் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த தமிழ் வழங்கும் ஊராகிய நெய்யூரிலே, மிஷன் மருத்துவமனையில் மருத்துவர் போதாமையால் நோயாளர் காத்துக்கிடக்கக் கண்டார். இலண்டனிற் காத்திருந்த உயர்பதவியைத் துறந்து அங்கேயே பணியேற்றார். 1924 இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று, ஒட்சிசன் உதவியின்றி ஏறத்தாழ 8,500 மீற்றர் உயரம்வரை ஏறினார். பின்னர் நெய்யூருக்கே திரும்பி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு உழைத்தார். அதன்பின் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். மிஷன் பணியின் காலனித்துவப் பின்னணி தனியே ஆராயத்தக்கது. ஆயின், மலையைத் தம் வாழ்நாள் முழுதும் நேசித்த ஒருவர் நிறைவை மலையோடு முடித்துக்கொள்ளவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. சிகரமே வாழ்வின் பொருள் என்போர் சமர்வெலின் வாழ்வுக்கு என்ன விளக்கம் கூறுவர்?

1953 ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் சிகரத்தை அடைந்தனர். டென்சிங் 1935 இல் எவரெஸ்டுக்கு முதன்முதல் வந்தது சுமைதூக்கியாகவே. சுமந்த தோளே சிகரத்தையும் அடைந்தது. எனினும், ஹிலாரிக்கும் குழுத்தலைவர் ஜோன் ஹண்டுக்கும் பிரித்தானிய முடி 'சேர்' பட்டம் அளித்தது. டென்சிங்குக்கு அளித்தது ஜோர்ஜ் பதக்கம். ஒரே கயிற்றிற் பிணைந்து ஏறிய இருவரைத் தரைக்கு வந்ததும் இரு தட்டுக்களிற் பிரித்தது எது? பனியோ காற்றோ அன்று. ஆள்வோர் ஆளப்படுவோர் என்ற பாகுபாடே. ஹிலாரி இதனை ஓரளவேனும் உணர்ந்திருந்தார் எனலாம். 1961 இல் கும்ஜுங் கிராமத்தில் அவர் கட்டிய பாடசாலையும் அதனைத் தொடர்ந்த மருத்துவமனைகளும் அவரது கடனுணர்வுக்குச் சான்று.

1990 களிலிருந்து நிலைமை வேறொரு வடிவம் பெற்றது. வழிகாட்டி ஏற்றிச்செல்லும் கம்பனிகள் பெருகின. பணம் செலுத்துபவர் 'வாடிக்கையாளர்' ஆனார். கும்பு பனிவீழ்ச்சியின் பிளவுகள்மீது ஏணிகளை இட்டு வழிசமைப்போர், 'பனிவீழ்ச்சியின் வைத்தியர்' என அழைக்கப்படும் ஷேர்பாத் தொழிலாளர். சிகரம்வரை கயிறு கட்டுவோரும், கூடாரம், உணவு, ஒட்சிசன் போத்தல் யாவற்றையும் சுமப்போரும் அவர்களே. வாடிக்கையாளர் ஒரு பருவத்திற் சில தடவைகளே கடக்கும் அப்பனிவீழ்ச்சியைச் சுமையுடன் அவர்கள் பலமுறை கடக்கவேண்டியுள்ளது. ஆபத்தை நாடி வந்தவர் அதன் குறைந்த பங்கையும், கூலியை நாடி வந்தவர் அதன் கூடிய பங்கையும் ஏற்கின்றனர். அதன்பின் ஊர் திரும்பி, 'நான் என்னை வென்றேன்' என முழங்குபவரை என்னென்பது?

2014 ஏப்ரல் 18 அன்று அப்பனிவீழ்ச்சியில் சரிந்த பனிப்பாளம் நேபாளத் தொழிலாளர் பதினாறு பேரைக் கொன்றது. வாடிக்கையாளருக்கான வழியைச் சமைப்பதிலும் சுமைகளை ஏற்றுவதிலும் அவர்கள் ஈடுபட்டிருந்தனர். இறந்தோரின் குடும்பங்களுக்கு அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபா. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 400 டொலர். ஷேர்பாக்கள் கொதித்தெழுந்தனர், மலையேற மறுத்தனர், நேபாளப் பக்கத்தில் அப்பருவம் ஏறத்தாழ முற்றாகவே கைவிடப்பட்டது. உழைக்கும் கை ஓய்ந்ததும் சாகசமும் ஓய்ந்துவிட்டது. அச்சாகசம் யாருடையது என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுமோ?

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்றுண்டு. ஷேர்பாக்கள் தாமே விரும்பி வருகின்றனர். இத்தொழிலால் அவர்தம் கிராமங்கள் செழித்துள்ளன. இதனைத் தடுப்பது அவர்களது வயிற்றிலடிப்பதாகும் என்பதே அது. வருவாய் உண்டென்பது மெய்யே. மலையேற்றத்தை நிறுத்தவேண்டும் என்பதும் இங்கு கோரப்படவில்லை. ஆனால், அதற்கீடான வருவாய் தரும் வேறு தொழில் அரிதாகவுள்ள பள்ளத்தாக்கிலே வழங்கப்படும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று கூறுதல் பொருந்தாது. மேலும், இவ்வாதம் தன்னையறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றது. மலையேற்றம் ஒரு தொழிற்றுறை என்பதே அவ்வுண்மை. தொழிற்றுறையாயின் அதனைத் தொழிற்றுறையாகவே விசாரித்தல் வேண்டும். கூலி எவ்வளவு? காப்புறுதி எவ்வளவு? இறந்தவனின் பிள்ளையை யார் படிப்பிக்கின்றார்? ஒருவர் ஏறுவதற்கான அனுமதிக் கட்டணம் 11,000 டொலரிலிருந்து 2025 செப்டெம்பரில் 15,000 டொலராக உயர்த்தப்பட்டது. சுமப்பவனின் பங்கு அதற்கேற்ப உயர்ந்ததா என்று கேட்பதே முறை. இவ்வினாக்கள் எழும்போதெல்லாம் மனநிறைவு, தன்னையறிதல் என்னும் உயர்ந்த மொழிக்குள் ஒளிந்துகொள்வது நேர்மையாகாது.

பிறனது உழைப்பை மறக்கப் பழகிய மனம், பிறனது உயிரையும் மறக்கப் பழகுகின்றது. 2006 ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டின் வடபுறத்தே பாறைக்குகை ஒன்றில் ஆங்கிலேயர் ஒருவர் குற்றுயிராய்க் கிடந்தார். நாற்பதுக்கு மேற்பட்டோர் அவ்வழியே சென்றதாகக் கூறப்பட்டது. சிலர் உதவ முயன்றனர், பலர் கடந்து சென்றனர், அவர் இறந்தார். அவ்வுயரத்தில் ஒருவரைத் தூக்கி இறக்குவது ஏறத்தாழ இயலாத செயல் என்பதும் உண்மையே. ஆயினும், சில நாட்களின் பின் அதே பாதையிலே, இறந்துவிட்டார் என முந்தியநாள் கைவிடப்பட்ட அவுஸ்திரேலியரான லிங்கன் ஹோலை டான் மேசூரின் குழுவினர் உயிருடன் கண்டனர். சிகரம் எட்டும் தூரத்தில் இருந்தது. அவர்கள் ஏறுவதை நிறுத்தி, அவரருகே இருந்து காத்தனர். மீட்கவந்த ஷேர்பாக்கள் அவரைக் கீழே கொண்டுசேர்த்தனர். மேசூரின் குழுவினர் அன்று சிகரத்தை அடையவில்லை. அவர்களது நாள் நிறைவற்ற நாள் என்று கூறத் துணிபவர் யார்?

சாகசத்தின் நிறைவு எத்தகையதாக இருத்தல் கூடும் என்பதை ஷேர்பாக்களே காட்டியுமுள்ளனர். உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2 குளிர்காலத்தில் எவராலும் எட்டப்படாதிருந்தது. 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளியர் அதனை அடைந்தனர். அவருட் பெரும்பாலோர் ஷேர்பாக்கள். முன்னே சென்றோர் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பின்னே வந்தோருக்காகக் காத்திருந்தனர். பின்னர் பதின்மரும் ஒருங்கே அடியெடுத்து வைத்தனர். முதலில் மிதித்தவர் யார் என்று 1953 இல் உலகம் டென்சிங்கையும் ஹிலாரியையும் துளைத்தெடுத்த வினாவுக்கு அங்கு இடமே இருக்கவில்லை. பிறருக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தோர், தமக்காக ஏறியபோது ஒருவரையொருவர் விட்டுச்செல்லவில்லை.

எனவே, சாகசமா அன்றாட வாழ்வா என்ற எதிர்நிலையே பொய்யானது. மலையில் முழுமையை உணர்ந்தவன், அம்முழுமை தரையில் ஏன் மறுக்கப்படுகின்றது என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேளாது, ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் நிறைவை வாங்கிக்கொண்டு மீண்டும் அதே வெறுமைக்குத் திரும்புவானாயின், அவ்வெறுமையைப் பேணுவதற்கே அவனது சாகசம் உதவுகின்றது. ஹந்தானையின் சரிவுகளில் ஏறும் பல்கலைக்கழக மாணவருக்கும் இஃது அந்நியமான செய்தியன்று. ஏறுதல் நன்று, உடலையும் உள்ளத்தையும் சோதித்தல் நன்று. ஆனால், தன் சுமையைத் தான் சுமத்தல், ஆபத்தைச் சமமாகப் பகிர்தல், தளர்ந்தவனுக்காகச் சிகரத்தைக் கைவிடத் தயங்காதிருத்தல் ஆகிய மூன்றும் அதனோடு கூடியிருத்தல் வேண்டும். இவையற்றவிடத்து, எவ்வளவு உயரம் ஏறினும், ஏறியது வேறொருவனின் முதுகின்மீதே என்பது மறுக்கவொண்ணாத உண்மையாகும்.