கட்டுமுன் கணித்தல்

கணிப்பொறிகள் பலவற்றை வலையாற் பிணைத்து ஒரு தொழிலைப் பகிர்ந்து செய்விக்கும் தொகுதிகள் இந்நாளிற் பெருகியுள்ளன. அவற்றைக் கட்டி முடித்தபின் ஆற்றலை அளக்கப் புகுவது, கெடிலத்தில் வெள்ளம் வந்தபின் கரையின் உயரம் பார்ப்பதனை ஒக்கும். வரைபட நிலையிலேயே அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

இரயில் முன்பதிவை நோக்குக. தட்கல் பதிவு காலை 10 மணிக்குக் குளிர்வசதி வகுப்புகட்கும், 11 மணிக்கு ஏனையவற்றிற்கும் தொடங்குகின்றது. அந்நொடியில் நாடெங்கும் உள்ளோர் ஒருங்கே வாயிலைத் தட்டுவர். ஆதலின் நாள் முழுமைக்கும் சராசரி கண்டு கட்டிய தொகுதி அப்பொழுது தளரும். நிமிடத்திற்கு 2,000 சீட்டு வழங்கிய பழைய இணையப் பதிவுத் தொகுதிக்கு மாறாக, 7,200 வழங்குமாறு அமைத்த புதியது 2014 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது.

இத்தகைய இலக்கு கைகூடுமோ என்பதைத் தாளிலேயே ஆராயலாம். ஜான் லிட்டில் 1961-இல் மெய்ப்பித்த விதிப்படி, வருவோர் வீதத்தைத் தங்கும் நேரத்தாற் பெருக்கினால் உள்ளிருப்போர் தொகை கிடைக்கும். நிமிடத்திற்கு 7,200 எனின் நொடிக்கு 120. ஒவ்வொரு வேண்டுகோளும் 5 நொடி தங்கின், எந்நேரமும் 600 உள்ளே நிற்கும். 10 நொடியாயின் 1,200 நிற்கும். மேலும், வருகை ஒழுங்கின்றி நிகழும் எளிய வரிசைக் கணக்கில், பொறி பாதி நேரம் உழைப்பின் ஒருவர் காத்து முடிக்கும் காலம் பணி நேரத்தின் இருமடங்கு. பத்தில் ஒன்பது பங்கு உழைப்பின் பத்து மடங்கு. "இன்னும் சிறிது இடமுண்டே" என்பது மயக்கமே.

பின்னர்ப் பொறிகளைப் பெருக்கிக்கொள்ளலாமே என்பர் சிலர். ஓரிருக்கையை இருவர்க்கு விற்றலாகாது. ஆகவே அதன் கணக்கு ஓரிடத்தில் ஒத்துப்பார்க்கப்படல் வேண்டும். வாயில்கள் எத்துணை பெருகினும் ஆங்கு நெருக்கமே மிகும். அமைப்பிலுள்ள இக்குறை பொருட்செலவால் எளிதில் நீங்காது. அமெரிக்க அரசின் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1-இல் திறந்தபோது, முதல் நாளிற் சேர்க்கை முடித்தோர் அறுவரே என அந்நாட்டு நாடாளுமன்றக் குழு வெளியிட்ட குறிப்புகள் கூறின.

முன்கணக்குத் துல்லியமாகாது என்பது மெய்யே. ஆயினும் இரண்டு அமைப்புகளுள் எது வீழும் என்று காட்டுதற்கு அது போதும்.

நல்ல கருவியும் விரைந்த இணைப்பும் உடையார் எவ்வாறேனும் சீட்டுப் பெறுவர். பண்ருட்டி முந்திரிக் காட்டில் உழைப்பார் ஒருவர், பழைய கைப்பேசியோடு காத்திருந்து ஏமாறுவர். தொகுதி தளர்கையில் முதலில் துன்புறுவார் இவரே. இவரையும் எண்ணிக்கையிற் சேர்த்த பின்னரே அமைப்பாளர் கோடு வரைவாராக.